அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

பாரிமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, "ஆர்மீனியன் தெரு எது?" என்று மூன்று பேரிடம் கேட்டேன். இருவர் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாமவர், துணிமூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெரியவர், "அரண்மனைக்காரன் தெருவா தம்பி? அந்தோணியார் கோயில் தெருதான்" என்று கை காட்டினார். ஆர்மீனியர் என்ற சொல் சென்னை நாக்கில் புரண்டு அரண்மனைக்காரன் ஆகியிருக்கிறது. அரண்மனையும் கிடையாது, அரசனும் கிடையாது.

தெருவில் மீன்பாடி வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். ஆர்மீனியத் தேவாலயத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் ஹாரன் சத்தம் பாதியாகிவிடுகிறது. 1772-இல் கட்டியது. முற்றத்தில் பாவியிருந்த கற்கள் கல்லறைகள் என்பது இரண்டு மூன்றை மிதித்த பிறகுதான் உறைத்தது. யாரும் சொல்லவில்லை, நானாகவே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கொக்கியும் வளைவுமாக எழுத்துகள். படிக்கத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தேன். சில இடங்களில் தேய்ந்து வெறும் பள்ளம்தான் மிஞ்சியிருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது இதே சென்னையில். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோன்யானும் இங்கேதான் உறங்குகிறார். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள்.

கோட்டையைப் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் இங்கே வரலாம் என்பார்கள். கேட்காதீர்கள், காலையில் முதலில் இங்கே வாருங்கள். நான் முதல் முறை சாயங்காலம் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவன். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அந்தோணியாருக்கு வரும் கூட்டத்தில் தெருவே தெரியாது.

*

அரண்மனைக்காரன் தெருவுக்குப் போய்வந்தவரே, உங்களுக்குப் பெயர் பொய் சொன்னது. எனக்குப் பெயர் மெய்தான், பொருளைத்தான் காணோம். பக்கத்துப் பவழக்காரத் தெருவில் பவழம் தேடி அலைந்தேன். லண்டன் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தை இறக்கி விற்று, பதிலுக்கு வைரம் வாங்கி அனுப்பியது 18-ஆம் நூற்றாண்டில். அதைச் சொல்லி ஒரு கடைக்காரரிடம் விசாரித்தபோது, "இருநூறு வருஷம் தாமதமாக வந்திருக்கிறீர்கள்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

*

என் பாட்டி யாரிடமும் ஏமாறாத ஆளை "அவன் எம்டன்" என்பார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு பொழிந்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. கடற்கரையில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நான் போனபோது ஒருவர் அதன்மேல் சாய்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நகரச் சொன்னேன். பேச்சை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தவர், "இரு, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று போனை வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து படிக்க ஆரம்பித்தார்.