உப்பு குறைந்த சாம்பார், தயிர்சாதத்துக்கு ருசி ஏற்ற வழி சொல்லுங்கள்

அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பை அடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ரசத்தில் பிரச்சினையே இல்லை; மிளகு, சீரகம், பூண்டை அப்போதே தட்டிப் போட்டு, இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் உப்பு குறைந்ததே தெரியவில்லை. பொரியலுக்கு வறுத்த எள்ளுப்பொடி கைகொடுக்கிறது. சாம்பாரும் தயிர்சாதமும்தான் படுத்துகின்றன. தயிர்சாதத்தில் இஞ்சி, கறிவேப்பிலை, மல்லித்தழை எல்லாம் அள்ளிப் போட்டும் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று தட்டைத் தள்ளுகிறார். ஊறுகாயை ஒளித்துவிட்டேன் (அம்மா எடுத்துக் கொடுத்துவிடுகிறார், அது வேறு கதை). பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வேண்டாம், சிறுநீரகத்திலும் கொஞ்சம் கோளாறு இருக்கிறது. சாம்பார்ப் பொடியில் எதைக் கூட்டி அரைத்தால் எடுப்பாக இருக்கும்? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்களேன்.