கம்பங்கூழும் செய்வினையும்: அமெரிக்காவின் சேலம் கதை இங்கேயும் நடந்திருக்குமா?

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். கம்பங்கூழ் குடித்த வீட்டில் எல்லோரும் வாந்தி எடுத்து, தலை சுற்றிப் படுத்துவிட்டார்கள், பங்காளி வைத்த செய்வினைதான் என்று பாட்டி சொல்வாள். 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் சில பெண்களுக்கு வலிப்பு வந்தது, சூனியம் வைத்தார்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வலிப்புக்கு, ரொட்டி சுடும் ரை தானியத்தில் வந்த எர்கட் பூஞ்சையே காரணம் என்று படித்தேன். நம் கம்பிலும் அது வருமா?

பதில் 1: வரும். இங்கே அதற்குத் தேனொழுகல் நோய் என்று பெயர். பூக்கும்போது மழையும் மூட்டமும் இருந்தால் கதிரில் பிசுபிசுவென்று வடியும், அப்புறம் கருப்பு மணிகள் வரும். விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பு கரைத்து, அதில் விதையைக் கொட்டினால் நோய் மணி மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு விதையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பங்காளியை விட்டுவிடலாம்.

பதில் 2: ரையில் வருவது வேறு இனம்; வலிப்பு வரும், விரல் அழுகும். கம்பில் வருவது வாந்தி, மயக்கம், தூக்கம். பாட்டி சொன்னதோடு பொருந்துகிறது. ஆனால் சேலம் விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. 1976இல் அது வெளியான ஆண்டே மறுப்பும் வந்துவிட்டது. ஒரே ரொட்டி தின்ற வீட்டில் சில பெண்களுக்கு மட்டும் எப்படி வரும்?

பதில் 3: பெரியபுராணத்தில் அப்பருக்குச் சூலை நோய் வந்தபோது சமணர்கள் மந்திரித்துப் பார்க்கிறார்கள், தீரவில்லை. பிறகு அவர் சைவத்துக்குத் திரும்பியதும் நஞ்சு கலந்த பால்சோறும் கொடுக்கிறார்கள். சேக்கிழார் சைவர், எதிர்த்தரப்பைப் பற்றி எழுதுகிறார். பாட்டி பங்காளியைச் சொன்ன மாதிரிதான்.

கேட்டவர்: சரி, அந்தப் பங்காளியோடு நிலத் தகராறும் இருந்தது!