தவறிலாப் பொறுப்பா, தவறு சாராப் பொறுப்பா?

கடலூரிலிருந்து:

வணக்கம். நம் சட்டச் சொற்பட்டியலுக்கு ஒரு சொல். பெட்ரோல் பங்கின் நிலத்தடி டேங்க் கசிந்து பக்கத்து மனையின் மண்ணும் கிணறும் கெட்டால், பங்க்காரர் அசட்டையாக இருந்தாரா என்று நிறுவத் தேவையில்லை. 2010 தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 17(3) விபத்துகளுக்குச் சொல்வது அதுதான். இந்த 'நோ-ஃபால்ட் லயபிலிட்டி'யைத் 'தவறிலாப் பொறுப்பு' என்று எழுதுவது உறுத்துகிறது. 'வட்டியில்லாக் கடன்' என்றால் வட்டி இல்லாதது கடன். அந்தக் கணக்கில் தவறு இல்லாதது பொறுப்பு என்றாகிறது. ஏதோ அப்பழுக்கற்ற கடமையுணர்வைப் பாராட்டுவதுபோல! 'தவறு சாராப் பொறுப்பு' எனலாம். தவறு நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். பொறுப்பு அதை நம்பி நிற்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து:

'சாரா' நன்று. ஆனால் ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி (கடும் பொறுப்பு), அப்சல்யூட் லயபிலிட்டி (அறுதிப் பொறுப்பு) இரண்டுக்கும் அதையே போட்டுவிடாதீர்கள். 1868 ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் என்ற இங்கிலாந்து வழக்கில் பிறந்த ஸ்ட்ரிக்ட் விதி தவறைத் தேடாது. என்றாலும் இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆளின் செயல் என்று தப்பிக்கச் சந்து உண்டு. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அபாயகரமான தொழில்களுக்கு அந்தத் தப்பும் வழியை அடைத்தது. அதுதான் அப்சல்யூட்.

நம் கரையில் இது வெறும் ஏட்டு வேறுபாடு அல்ல. 2011-இன் 'தானே' புயலைப் போல ஒன்று வந்து நிலத்தடி நீர் ஏறுகிறது என்று வையுங்கள். 20,000 லிட்டர் டேங்க் காலியாக இருந்து முழுதும் நீரில் மூழ்கினால் மேல்நோக்கி ஏறத்தாழ 20 டன் விசை. கான்கிரீட் அடித்தளத்தோடு பட்டைபோட்டுக் கட்டாவிட்டால் டேங்க் கிளம்பும், குழாய் இணைப்பு முறியும். 'கடும் பொறுப்பு' என்றால் புயலைக் காட்டி வாதாடலாம். 'அறுதிப் பொறுப்பு' என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தவறு சாராப் பொறுப்பு இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும்.

கடலூரிலிருந்து:

ஏற்கிறேன். அதைவிடச் சிக்கல் 'விபத்து'. தமிழில் அது படாரென்று நடப்பது. சட்டத்தின் வரையறையோ தற்செயலான, திடீரென்ற, 'அல்லது' கருதாமல் நேர்ந்த நிகழ்வு என்கிறது. தொடர்ந்தோ விட்டுவிட்டோ பாதிப்பதும் அதில் அடக்கம். அந்த 'அல்லது' போனால் வழக்கே போய்விடும்.

ஏனென்றால் டேங்க் கசிவு படாரென்று வருவதே அரிது. காலையில் டேங்கில் அளவுகோல் விட்டுப் பார்க்கும் 'டிப்'பில் 5 லிட்டர் குறைகிறது. 10,000 லிட்டர் பெட்ரோல் 1 டிகிரி குளிர்ந்தாலே ஏறக்குறைய 10 லிட்டர் சுருங்கும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. வெப்பநிலையால் வரும் வித்தியாசம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கசிவு எப்போதும் குறைவுப் பக்கமே சாயும். நாள் கணக்கை விட்டு மாதக் கூட்டலைப் பார்த்தால்தான் பிடிபடும். நாளுக்கு 5 என்றால் ஆண்டுக்கு 1,825 லிட்டர். மணலில் இறங்கி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் கரைந்து நீரோட்டத்தோடு நகரும். புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைப் பக்கம் டேங்க், எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் கிணறு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டு. நல்லவேளை, தீர்ப்பாயம் சென்னைத் தென்மண்டல அமர்வு ஒன்றே.

ஆகவே 'கருதாக் கசிவு'. டேங்கர் இறக்கும்போது ஹோஸ் கழன்று கொட்டுவது 'சிந்தல்'. இரண்டையும் கலக்க வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து:

சரி. பட்டியலில் ஏற்றும்போது இடையில் வரும் ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள். 'அரசு சாரா நிறுவனம்' பார்த்த பழக்கத்தில் 'சாரா பொறுப்பு' என்று அடித்துவிடுவார்கள். அங்கே பின்னால் வருவது 'நி', ஒற்று மிகாது. இங்கே 'சாராத', 'கருதாத' என்பவற்றின் கடைசி எழுத்து போன ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் வருவதால் மிகும்: சாராப் பொறுப்பு, கருதாக் கசிவு.