மேஜிக் ஜான்சனா, ஸ்டெஃபன் கர்ரியா? வாதம் தீர வழி சொல்லுங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வரலாற்றின் தலைசிறந்த பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) யார் என்று எனக்கும் அண்ணனுக்கும் நடக்கும் வாதம் முட்டுச்சந்தில் நிற்கிறது. நான் மேஜிக் ஜான்சன் பக்கம், அவர் ஸ்டெஃபன் கர்ரி பக்கம்.

கோப்பைகளை எண்ணினோம்: மேஜிக்குக்கு 5, கர்ரிக்கு 4. அது அணியின் பலம் என்கிறார் அண்ணன். பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது மேஜிக்குக்கு 3, கர்ரிக்கு 2. ஆனால் 2016இல் ஒரு வாக்குகூடச் சிதறாமல் வாங்கியவர் கர்ரி. அசிஸ்டை (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்) மட்டும் பார்த்தால் 15,806 எடுத்த ஜான் ஸ்டாக்டன் முந்திவிடுகிறார். அவரிடம் கோப்பையே இல்லை.

1980 இறுதித் தொடரின் 6ஆம் ஆட்டத்தையும் போட்டுக் காட்டினேன். மேஜிக் அணியின் சென்டர் (கூடையருகே ஆடும் உயரமான வீரர்) கரீம் அப்துல் ஜப்பார் காயத்தால் ஆடாத அன்று, 20 வயதுப் புதுமுகம் மேஜிக் சென்டராகத் தொடங்கி 42 புள்ளிகள், 15 ரீபவுண்டு (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), 7 அசிஸ்ட் எடுத்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? அண்ணன் அசையவில்லை. கர்ரி நடுக்கோட்டைத் தாண்டியதுமே இருவர் பாய்ந்து மறிக்கிறார்கள், அந்த அச்சமே சக வீரர்களுக்கு வழி திறக்கிறது என்கிறார். அதுவும் உண்மைதான். என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து எறிந்து விழுந்தால் 3 புள்ளி) வந்ததே 1979-80இல், மேஜிக்கின் முதல் பருவத்தில்; அப்போது அங்கிருந்து எறிவதே குறைவு. அதனால் எறிதல் கணக்கை ஒப்பிடவும் வழியில்லை.

காலம் மாறினாலும் இருவருக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள்?