சொல்லாமலே மாற்றிய மாத்திரை: விலை குறைந்த மருந்து "அதே மருந்து"தானா?

தாமிரபரணி_மகள்

அம்மாவுக்கு 58 வயசு. வலிப்புக்காகப் பதினொரு வருஷமா பினைடாயின் 100 மில்லிகிராம், ராத்திரி மூணு மாத்திரை. கடைசி எட்டு வருஷம் ஒரு தடவைகூட வரல. போன மாசம் அப்பா எப்பவும் வாங்கற கடைக்குப் போனார். "அந்தக் கம்பெனி வரல, இதுவும் அதே மருந்துதான், விலையும் பாதி"ன்னு வேற அட்டை கொடுத்திருக்காங்க. அப்பாவும் நல்லதுதானேன்னு வாங்கிட்டு வந்துட்டார். டப்பாவுல போட்டு வச்சதோட சரி, அம்மாகிட்டகூடச் சொல்லல.

பதிமூணாம் நாள் காலையில அடுப்புல பால் பொங்கி வழியுது, அம்மா கீழ கிடக்காங்க. நெத்தி அம்மிக் கல்லுல பட்டு நாலு தையல். ரத்தத்துல மருந்தோட அளவு பார்த்தா 6. 10-லேர்ந்து 20-க்குள்ள இருக்கணுமாம்.

வருஷக்கணக்கா ஒரே மருந்துல நிலையா இருக்கறவங்களுக்கு விலை குறைஞ்சதை மாத்திக் கொடுக்கவே கூடாதுன்னு நான் சொல்றேன். வேற மாதிரி நினைக்கிறவங்க சொல்லுங்க.

கடைக்கார_அண்ணாச்சி

தங்கச்சி, அம்மா இப்ப எப்படி இருக்காங்க? தலையில ஸ்கேன் எடுத்தாச்சா? அதை முதல்ல சொல்லுங்க.

நான் 22 வருஷமா மருந்துக்கடை வச்சிருக்கேன். நீங்க சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன், பாதியை ஒத்துக்க முடியாது. "கம்பெனி மருந்து"ன்னு நாம சொல்ற முக்கால்வாசி மருந்துக்குக் காப்புரிமை எப்பவோ முடிஞ்சு போச்சு. அதுவும் ஜெனரிக்தான், அதாவது காப்புரிமை முடிஞ்சப்புறம் எந்தக் கம்பெனியும் செய்யற மருந்து. மேல ஒரு பேரு ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். இமாச்சலத்துல பத்தின்னு ஒரு ஊரு. அங்க ஒரே ஆலையில நாலு கம்பெனிக்கு மாத்திரை அடிச்சுக் கொடுப்பாங்க. அட்டையைத் திருப்பிப் பாருங்க, தயாரிச்சவன் ஒருத்தன், விக்கிறவன் ஒருத்தன்.

மாசம் 20 தேதிக்கு மேல என் கடையில வந்து ஒரு மணி நேரம் நில்லுங்க. பத்து மாத்திரை அட்டையில நாலை மட்டும் கத்தரிச்சு வாங்கிட்டுப் போறவங்க எத்தனை பேருன்னு தெரியும். சுகர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுற பாட்டியம்மா இருக்காங்க. கேட்டா "ரெண்டு நாளைக்கு ஒண்ணு போட்டாலும் கேக்குதுய்யா"ன்னாங்க. அவங்களுக்கு நான் விலை குறைஞ்சதை எடுத்துக் கொடுத்தேன். இப்ப தினமும் போடுறாங்க. நீங்க சொல்ற மாதிரி "கூடவே கூடாது"ன்னா அந்தப் பாட்டியம்மா என்ன செய்யணும்?

மறுபிறவி_2016

அண்ணாச்சி, சுகர் மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

எனக்கு 2016-ல சிறுநீரகம் மாத்தினாங்க. கொடுத்தது என் அக்கா. டாக்ரோலிமஸ், காலை 9 மணி, ராத்திரி 9 மணி. கல்யாண வீட்டுப் பந்தியில இருந்தாலும் 9 மணிக்கு எழுந்து போய்ப் போட்டுட்டு வருவேன். ரத்தத்துல அதோட அளவு கொஞ்சம் குறைஞ்சா உடம்பு அந்தச் சிறுநீரகத்தை எதிர்க்க ஆரம்பிச்சிடும். கொஞ்சம் கூடினா அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். நடுவுல இருக்கறது ஒத்தையடிப் பாதை. என் டாக்டர் சீட்டுல கம்பெனிப் பேரை எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டு, "மாற்றக் கூடாது"ன்னு எழுதித் தர்றார். ஒரு தடவை ஒரு கடையில மாத்தி எடுத்து நீட்டினாங்க. நான் பேரைப் படிக்கிறவன், வாங்கல. படிக்கத் தெரியாதவர் வாங்கியிருப்பார்.

அக்கா கொடுத்த சிறுநீரகம் திரும்ப வராது. இந்த விஷயத்துல தாமிரபரணி_மகள் சொல்றதுதான் சரி.

ஓய்வுபெற்ற_மருத்துவர்

அம்மா விரைவில் தேற வேண்டும். ஆனால் பழியை ஒரே இடத்தில் போடுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாற்றுவதற்கு முன் பினைடாயின் அளவு எவ்வளவு இருந்தது? அந்தப் பன்னிரண்டு நாட்களில் காய்ச்சல், வாந்தி, தூக்கக் குறைவு உண்டா? வேறு மருந்து ஏதாவது சேர்ந்ததா? வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலூசில் வகை மருந்துகூடப் பினைடாயின் உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். ஒரு வேளை தவறியதா?

பினைடாயின் தனிக் குணமுள்ள மருந்து. கல்லீரல் அதை ஓரளவுக்கு மேல் கையாள முடியாது. அதனால் உள்ளே போகும் அளவு சற்று மாறினாலும் ரத்தத்தில் அதன் அளவு தாறுமாறாக ஏறும், அல்லது இறங்கும். 1968-ல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பழைய மருத்துவர்கள் மறக்க மாட்டார்கள். பினைடாயின் காப்ஸ்யூலில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸைச் சேர்த்தார்கள். மருந்தின் அளவு அதேதான். ஆனால் நோயாளிகள் தள்ளாடினார்கள், வாந்தி எடுத்தார்கள். மருந்து முன்பைவிட அதிகமாக ரத்தத்தில் சேர்ந்துவிட்டது.

அங்கே யாரும் மலிவு மருந்துக்கு மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். மருந்தோடு சேர்க்கும் பொடி மாறியது, அவ்வளவுதான். ஆபத்து விலையில் இல்லை.

தாமிரபரணி_மகள்

ஐயா, ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தக் கசிவு இல்ல. அண்ணாச்சிக்கும் சேர்த்துச் சொல்றேன்.

"ஒரு வேளை தவறியதா"ன்னு ஆஸ்பத்திரியிலயும் கேட்டாங்க, நீங்களும் கேக்கறீங்க. கேக்கணும்தான், ஆனா கேக்கும்போது வலிக்குது. அப்பா முதல்ல நாலு அட்டைதான் வாங்கினார், 40 மாத்திரை. பன்னிரண்டு ராத்திரிக்கு 36. டப்பாவுல மிச்சம் எத்தனைன்னு நான் எண்ணிப் பார்த்தேன். நாலு இருந்தது. அம்மா பதினொரு வருஷமா ஒன்பதரை மணிச் செய்தி முடிஞ்சதும் தண்ணிச் சொம்போட வந்து உக்காருவாங்க. காய்ச்சல் இல்ல. வேற மருந்து பிரஷர் மாத்திரை மட்டும்தான், அது மாறல.

முந்தைய அளவு இல்லைங்கறது உண்மை. எட்டு வருஷம் நல்லா இருந்ததால யாரும் பார்க்கச் சொல்லல.

ஓசூர்_குவாலிட்டி

மாத்திரைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரு தப்பான கணக்கு நடமாடுகிறது. "ஜெனரிக்கில் மருந்து 20 சதவீதம் குறையலாம், 25 சதவீதம் கூடலாம் என்று அரசே அனுமதிக்கிறது" என்பார்கள். அது அப்படி இல்லை. 80 முதல் 125 என்பது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவு அல்ல. அசல் மாத்திரையையும் ஜெனரிக்கையும் ஆட்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று ஒப்பிடும்போது, அந்த விகிதத்தின் நம்பக எல்லை (உண்மையான சராசரி எதற்குள் இருக்கும் என்று கணக்கிடும் இடைவெளி) முழுவதும் 80-க்கும் 125-க்கும் நடுவில் அடங்க வேண்டும். அப்படி அடங்க வேண்டுமானால் சராசரி வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்க முடியும்.

தாமிரபரணி_மகள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்த ஒப்பீட்டுச் சோதனை கட்டாயம் என்று நம் நாட்டில் விதி வந்தது 2017 ஏப்ரலில்தான். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது காட்ட வேண்டிய சோதனை அது. பினைடாயின் அந்த வகைதான், கார்பமசிபைனும் அந்த வகைதான். அதற்குப் பல வருஷம் முன்பே சந்தைக்கு வந்த அட்டையும் அதற்குப் பின் வந்த அட்டையும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. எது எது என்று அட்டையைப் பார்த்து நீங்களும் கண்டுபிடிக்க முடியாது, அண்ணாச்சியும் கண்டுபிடிக்க முடியாது.

அப்பாவுக்காக

இவ்வளவு நேரம் படிச்சிட்டுப் பேசாம இருக்க முடியல.

என் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய், நாள்பட்ட வகை. இமாட்டினிப் தினமும் ஒண்ணு, ஆயுசுக்கும். கிளிவெக்னு வர்ற அசல் மருந்து அப்ப மாசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல. நம்ம ஊர்க் கம்பெனி செய்யற அதே மருந்து பத்தாயிரத்துக்குள்ள. 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த அசல் மருந்தைச் செய்யற நோவார்டிஸ் கம்பெனிக்குக் காப்புரிமை கிடையாதுன்னு தீர்ப்பு சொன்ன அன்னிக்கு எங்க வீட்டுல சாமி விளக்கு ஏத்தினாங்க. அப்பா லாரி செட்டுல கணக்கு எழுதறவர். மாசம் ஒரு லட்சம்னா வீட்டை வித்தாலும் ஒரு வருஷம் தாண்டியிருக்காது.

இன்னிக்கும் அப்பா இருக்கார். என் பொண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கறார். "விலை குறைஞ்சது கூடாது"ன்னு எழுதறவங்க, யாருக்குக் கூடாதுன்னும் சேர்த்து எழுதணும்.

மறுபிறவி_2016

உங்க அப்பா நூறு வருஷம் இருக்கட்டும். ஆனா உங்க அப்பா மலிவு மருந்துலயே ஆரம்பிச்சு, டாக்டர் பரிசோதனை பண்ணிப் பண்ணி அதுலயே இருக்கறவர். இந்த அம்மாவுக்கு நடந்தது வேற. நிலையா ஓடிக்கிட்டிருந்ததை, டாக்டருக்கே தெரியாம, கல்லாப்பெட்டிக்கிட்ட மாத்தியிருக்காங்க. அதுல மிச்சம் எவ்வளவு? பினைடாயின் மாத்திரை ஒண்ணுக்கு ரெண்டு, மூணு ரூபாய்தான். மாசத்துக்கு நூறு ரூபாய் சொச்சம் மிச்சமாகியிருக்கும். நாலு தையலுக்கும் ஸ்கேனுக்கும் என்ன ஆச்சுன்னு கேளுங்க.

இன்னொண்ணு. மருந்துச் சட்ட விதி 65, உட்பிரிவு 11ஏ என்ன சொல்லுதுன்னு அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருக்கும்.

கடைக்கார_அண்ணாச்சி

தெரியும். ஷெட்யூல் எச் மருந்துக்கு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்துக்கு, சீட்டுல எழுதினதை விட்டுட்டு வேற தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது, உள்ள அதே மருந்து இருந்தாலும் சரி. எழுத்துப்படி பார்த்தா அந்தப் பாட்டியம்மாவுக்கு நான் செஞ்சதும் தப்பு. மறைக்கல.

ஆனா அந்த விதியை வச்சுக்கிட்டு நடக்கறதையும் பாருங்க. டாக்டர் ஒரு பேரை எழுதுவார், அது அவர் கிளினிக் கீழ இருக்கற கடையில மட்டும்தான் கிடைக்கும். சீட்டோட என்கிட்ட வர்றவரை நான் திருப்பி அனுப்பணும். 2023 ஆகஸ்ட்டுல தேசிய மருத்துவ ஆணையம், டாக்டருங்க மருந்தோட பொதுப் பேரைத்தான் எழுதணும்னு ஒழுங்குமுறை போட்டாங்க. டாக்டர் சங்கத்துலேர்ந்து எதிர்ப்பு வந்துச்சு, அதே மாசம் 23-ம் தேதி நிறுத்தி வச்சிட்டாங்க. அப்புறம் பேச்சு மூச்சு இல்ல.

விலை குறைஞ்சது வித்தா கடைக்காரனுக்கு லாபம் கூடன்னு யாரும் இங்க எழுதல, நானே எழுதறேன். சில அட்டையில அச்சடிச்ச விலைக்கும் எங்களுக்கு வர்ற விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "ஸ்டாக் இல்ல"ன்னு சொன்னவர் அதுக்காகச் சொன்னாரா, நிஜமாவே இல்லையான்னு எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்றவங்க இருக்காங்க.

ஓய்வுபெற்ற_மருத்துவர்

அண்ணாச்சி அந்த ஒழுங்குமுறையில் இருந்த ஒரு வரியை விட்டுவிட்டார். அளவு சற்றுப் பிசகினாலும் ஆபத்தான மருந்துகளுக்கு அதிலேயே விலக்கு இருந்தது. இங்கிலாந்தில் 2013-லேயே வலிப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்துவிட்டார்கள். பினைடாயின், கார்பமசிபைன், பினோபார்பிடோன், பிரிமிடோன் ஆகியவற்றில் நோயாளி ஒரே தயாரிப்பாளரின் மருந்திலேயே இருக்க வேண்டும். லெவெட்டிராசிடம் போன்றவற்றை மாற்றலாம். வலிப்பு மருந்துக்குள்ளேயே இப்படி. அப்படியிருக்க எல்லா மருந்துக்கும் சேர்த்து "மாற்றவே கூடாது" என்பதும் "எல்லாம் ஒன்றுதான்" என்பதும் எப்படி நிற்கும்?

நான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 27 வருஷம் வேலை பார்த்தேன். அங்கே வருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கும் மருந்து, கம்பெனிப் பேரைப் பார்த்து வாங்குவதில்லை. 1995-ல் அது செயல்படத் தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன். வரும் சரக்கில் மாதிரி எடுத்து, பெயரை மறைத்துக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் எங்களுக்கு வரும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையில் எத்தனையோ பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததை என் கையால் அளந்து பார்த்திருக்கிறேன். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் என்று இப்போது வந்திருக்கும் கடைகளைப் பார்த்து மக்கள் பயந்து ஒதுங்கினால், மாதக் கடைசியில் மாத்திரையை நிறுத்துவார்கள். பக்கவாதம் வந்து வருவார்கள்.

ஓசூர்_குவாலிட்டி

ஆஸ்திரேலியாவைப் பற்றி டாக்டர் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. பிரான்ஸில் 2017-ல் தைராய்டு மாத்திரை லெவோதைராக்ஸ், கம்பெனி அதே, பெயர் அதே. லாக்டோஸை எடுத்துவிட்டு மானிடாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் களைப்பு, முடி உதிர்வு என்று புகார் சொன்னார்கள். கடைசியில் பழைய மாத்திரையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆகவே மறுபிறவி, கம்பெனிப் பேரை மட்டும் பார்த்து வாங்குவது முழுக் காப்பு அல்ல. டாக்ரோலிமஸ் என்றால் எந்த மாற்றத்துக்குப் பிறகும் ரத்த அளவு பார்ப்பதுதான் காப்பு. தைராய்டு மாத்திரை மாறினாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

மறுபிறவி_2016

அளவு பார்க்கறதுக்கும் காசு, ஒரு நாள் சம்பளம், நகரத்துக்குப் பஸ். மாத்திரையில மிச்சம் பிடிச்சதை அங்க கொட்டணும். நான் மாத்திக்க மாட்டேன்.

தாமிரபரணி_மகள்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன்.

அம்மா போடுற பிரஷர் மாத்திரையே வீட்டுக்கு வந்து கொடுக்கற அரசாங்க மாத்திரைதான். நாலு வருஷமா ஒரு குறையும் இல்ல. முதல் பதிவு எழுதறப்ப எனக்கு அது ஞாபகமே வரல. அப்பாவுக்காக, உங்க மனசு நொந்திருந்தா மன்னிச்சிடுங்க. "கூடவே கூடாது"ன்னு எழுதினதை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கறேன். ஆனா அம்மாவுக்குச் சொல்லாம மாத்தினதை என்னால ஏத்துக்க முடியாது. சொல்லியிருந்தா பழைய அட்டையை நாலு கடை ஏறி இறங்கித் தேடியிருப்போம். கிடைக்கலன்னா டாக்டருக்கு ஒரு போன் பண்ணியிருப்போம்.

பழைய மாத்திரைக்கே திரும்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சுப் பார்த்ததுல அளவு 13. அம்மா இப்ப மாத்திரையை விளக்குக்கு நேரா பிடிச்சு, நடுவுல கோடு இருக்கான்னு நகத்தால தடவிப் பார்த்துட்டுத்தான் வாயில போடுறாங்க. அடுப்புகிட்ட தனியா நிக்க மாட்டேங்கறாங்க.

கடைக்கார_அண்ணாச்சி

தங்கச்சி, அந்த நாலு மாத்திரையை அட்டையோட வச்சிருக்கீங்களா? தூக்கிப் போட்டுடாதீங்க. பேட்ச் நம்பர், தயாரிச்ச மாசம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூணையும் எடுத்து வைங்க. மருந்தால கோளாறுன்னா சொல்றதுக்கு மத்திய அரசோட இலவச எண் இருக்கு, 1800-180-3024. மாவட்ட மருந்து ஆய்வாளருக்கும் ஒரு மனு கொடுங்க, அவங்க மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம்.

தாமிரபரணி_மகள்

அட்டை இருக்கு அண்ணாச்சி, பேட்ச் நம்பர் தெளிவாத் தெரியுது. கடை பில்தான் இல்ல. அப்பா கேட்டு வாங்கல, அவங்களும் போட்டுத் தரல.

கடைக்கார_அண்ணாச்சி

பில் இல்லாட்டியும் அந்த எண்ல சொல்லலாம். நாளைக்குக் காலையில கூப்பிடுங்க. அப்பாவைப் பக்கத்துல வச்சுக்கோங்க, வாங்கின தேதி அவருக்குத்தான் தெரியும்.