ஒவ்வாமைக்கு எதிர்ச்சொல்: ‘சகிப்புத்தன்மை’ பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, கர்ப்பிணிகளுக்கான உணவுக் கையேட்டில் ‘டாலரன்ஸ்’ (ஓர் உணவை உடல் ஒவ்வாமை இல்லாமல் ஏற்கும் நிலை) வரும் இடமெல்லாம் ‘சகிப்புத்தன்மை’ என்று போட்டிருக்கிறார்கள். ‘குழந்தையின் உடல் வேர்க்கடலையைச் சகித்துக்கொள்ளும்’ என்று படிக்கிற தாய், கடலை ஏதோ கெடுதல், பிள்ளை அதைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்புறம் தாமும் கடலையைத் தொடமாட்டார். ‘ஒவ்வு’ என்ற வினையிலிருந்தே ‘ஒவ்வுகை’ என்று ஆக்கலாமா?

குழந்தைநல மருத்துவர்:
சகிப்பு நிச்சயமாகத் தவறு. வாய்வழி அடிக்கடி வரும் புரதத்தைத் தீங்கற்றது என்று குடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் கற்றுக்கொள்கின்றன. ஒழுங்காற்றும் டி அணுக்கள் எதிர்வினை எழாமல் பார்த்துக்கொள்கின்றன. அதே புரதம் கரப்பான் என்னும் தோல் அழற்சியால் வெடித்த தோல் வழியாக முதலில் நுழைந்தால், ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்பான் உருவாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே இந்தச் சொல் ‘கற்றுப் பழகி ஏற்றுக்கொண்டது’ என்ற பொருளைத் தரவேண்டும்.

கர்ப்பகாலப் பத்தியத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. தாயின் ஐஜிஜி என்ற மற்றொரு வகை எதிர்ப்பான் நஞ்சுக்கொடியைக் கடக்கும், ஐஜிஇ கடக்காது. தாய்க்கு இருக்கும் ஒவ்வாமை அப்படியே கருவுக்கு இறங்கிவிடுவதில்லை; பரம்பரையாக வருவது ஒவ்வாமைக்கான நாட்டம்தான். பிரிட்டனில் 1998-இல், குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள கர்ப்பிணிகள் வேர்க்கடலையைத் தவிர்க்கலாம் என்று அறிவுரை தந்தார்கள், 2009-இல் விலக்கிக்கொண்டார்கள். தவிர்ப்பதால் பயன் என்பதற்குச் சான்று போதவில்லை. பிறகு 2015-இல் வெளியான லீப் (LEAP) என்ற வேர்க்கடலை ஒவ்வாமை ஆய்வில், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கடலை கொடுத்தார்கள், மறு பிரிவு அதைத் தவிர்த்தது. கொடுத்த அளவு வாரத்துக்குக் குறைந்தது 6 கிராம் கடலைப் புரதம், மூன்று வேளையாவது பிரித்து. தொடக்கத் தோல்சோதனையில் எதிர்வினை காட்டாதவர்களில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை தவிர்த்தவர்களிடம் 13.7%, உண்டவர்களிடம் 1.9%. உண்டவர்கள் குழந்தைகள், தாய்மார் அல்லர். கையேட்டில் இந்த இரண்டையும் கலந்துவிடக்கூடாது.

உணவியல் வல்லுநர்:
ஐயா சொன்ன பொருளுக்கு ‘ஒவ்வுகை’ இலக்கணப்படி அழகுதான், நடைமுறையில் ஆபத்து. ‘ஒவ்வாமை’, ‘ஒவ்வுகை’ இரண்டையும் சின்னத் திரையில் அவசரமாகப் படித்தால் பொருள் தலைகீழாகும். ‘உணவேற்பு’ என்று வைப்போம். ‘வேர்க்கடலை ஏற்பு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

ஆனால் அதன் எதிர்மறையை ‘உணவேற்பின்மை’ என்று ஆக்கி, ‘இன்டாலரன்ஸு’க்குப் போட்டுவிடாதீர்கள். லாக்டேஸ் நொதி குறைந்து வயிறு உப்புவதில் நோயெதிர்ப்புக்குப் பங்கே இல்லை. அது ‘பாற்சர்க்கரை செரியாமை’. பலருக்கு அரைக் குவளைப் பால் ஒன்றும் செய்யாது. பால் ஒவ்வாமையிலோ ஒரு கரண்டியே மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகலாம். பெயர் குழம்பினால் தாய் காரணமில்லாமல் பாலை விடுவார். நாளுக்குச் சுமார் 1,000 மி.கி. கால்சியத்துக்கு வேறு வழி தேடவேண்டிவரும்.

மொழிபெயர்ப்பாளர்:
அம்மா, ‘உணவேற்பு’ சரி. கையேட்டு வரி இப்படி: ‘பிள்ளைக்கு ஒவ்வாமை வருமோ என்று அஞ்சிக் கர்ப்பிணி பால், முட்டை, கடலையை நிறுத்தவேண்டியதில்லை. தமக்கே ஒவ்வாமை உறுதியான உணவை மட்டும் தவிர்க்கவேண்டும்.’

குழந்தைநல மருத்துவர்:
‘முட்டை’க்கு முன் ‘நன்கு வெந்த’ சேருங்கள். அது கிருமித்தொற்றுக்கான எச்சரிக்கை, ஒவ்வாமைக்கானதல்ல. ‘சென்சிடைசேஷனு’க்கும், அதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ உடலில் உருவாகியிருக்கும் நிலைக்கும், தனிச்சொல் வேண்டும். உணவுச் சாற்றைத் தோலில் குத்திப் பார்த்து 3 மி.மீ. தடிப்பு வந்தால், ஐஜிஇ இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அந்த உணவைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத குழந்தைகள் உண்டு. அதையும் ‘ஒவ்வாமை’ என்று எழுதினால் நல்ல உணவு தட்டிலிருந்து போய்விடும். ‘ஒவ்வாமை முனைவு’ என்பது என் முன்மொழிவு.