லியோனில் அம்மாவுடன் எங்கே சாப்பிடலாம்?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவுடன் பிரான்சின் லியோன் நகரத்துக்குப் போகிறேன். மூன்று இரவுகள் தங்குவோம். லியோனில் உணவகம் நடத்திய யூஜெனி பிராசியே என்ற பெண் சமையல்காரர் 1933-இல், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லான் நட்சத்திரங்கள் ஆறு வாங்கியதை நான் சொன்னதிலிருந்து, ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு அந்த ஊரில் ஒரு வேளையாவது நிதானமாக உட்கார்ந்து சாப்பிட ஆசை.

'புஷோன்' என்கிற பழைய பாணிச் சின்ன உணவகத்துக்குத்தான் போக நினைக்கிறோம். ஆனால் அங்கே குடல், இரைப்பை, பன்றி இறைச்சிதான் அதிகம். அம்மா மாடு, பன்றி தொடமாட்டார். மீனும் கோழியும் சாப்பிடுவார். பைக் மீனை அரைத்துச் செய்யும் கெனெல் அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. அதில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டாமே? கடையில் கேட்டால் தெளிவாகச் சொல்வார்களா? பிரெஞ்சில் எப்படிக் கேட்பது?

'செர்வெல் த கானூ' பற்றிக் கவலையில்லை. பெயரில்தான் மூளை, உள்ளே இருப்பது பூண்டும் மூலிகையும் கலந்த மென்மையான பாலாடைக்கட்டி.

அப்புறம், நாங்கள் போய்ச் சேர்வது ஞாயிறு மாலை. அன்று பல கடைகள் மூடியிருக்குமே, எங்கே போகலாம்? அம்மாவுக்கு மூட்டுவலி, படியேற முடியாது. போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.